கையூன்றாமல் எழுவது

எங்கள் வீட்டு எடை மெஷின் இப்போது பரணில் கிடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதை இறக்குவேன். எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு மறுபடி ஏற்றிவிடுவேன். 2022ஆம் ஆண்டு முழுக்க அது ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்ததும் ஒருமுறை, குளித்துவிட்டு ஒருமுறை, அலுவலகம் விட்டு வந்ததும் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை ஏறி நிற்பேன். ஒரே நாளில் ஒரு கிலோ ஏற்றியும் இறக்கியும் காட்டும். குடித்த தண்ணீரும் தின்ற உப்பும் செய்கிற வேலை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. இறங்கினால் அன்று நல்ல நாள். ஏறினால் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசமாட்டேன்.

அந்த வருஷத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு மெதுவாகக் கற்றுக்கொண்டதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நாற்பதைத் தாண்டி, எல்லையில் நிற்கும் சுகரோடும் யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய டயட் சார்ட்டோடும் இருக்கிற பெண்கள் என் அலுவலகத்திலேயே பத்துப் பேருக்குக் குறையாது. அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் அலுவலகத்தில் மருத்துவ முகாம் நடந்தது. எனக்கு வயது 43, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் பரிசோதனையில் 6.1 வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் வாசற்படியில் நிற்கிறவர்கள். முகாமில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "வெயிட்டைக் குறைங்க மேடம்" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், நானும் கேட்கவில்லை.

எப்படி என்பதை ஒரு வாட்ஸப் குழு சொல்லிக்கொடுத்தது. காலையில் வெந்நீரில் எலுமிச்சை, பிறகு தண்ணீராக ஓட்ஸ் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காயும் கேரட்டும், இரவு ஒரு ஆப்பிள். சோறு கண்ணில் படக் கூடாது. பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 900 கலோரிகூட வந்திருக்காது. முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் உடம்பு ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டை நிறுத்தியதும் முதலில் அதுதான் வடியும். அந்த மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர்.

நான்கு மாதத்தில் 61 கிலோவுக்கு வந்தேன். பதின்மூன்று கிலோ! அந்த நாட்களில் கிடைத்த பாராட்டு என் வாழ்க்கையில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. பிரமோஷன் வாங்கியபோது யாரும் இவ்வளவு பேசவில்லை. கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட அக்காமார் கையைப் பிடித்து, "என்ன பண்ணுன, எங்களுக்கும் சொல்லு" என்று சுற்றி நின்றார்கள். அம்மா மட்டும், "ஏட்டி, ஏன் இப்படி வத்திப் போய்க் கெடக்க?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

மூன்றாவது மாதமே முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. குளியலறை வடிகாலில் கொத்துக் கொத்தாக அடைக்கும். எடை வேகமாகக் குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிர்வது வழக்கமான விளைவு என்று அந்தக் குழுவில் யாரும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும். சமையல்கட்டில் கேஸ் தீர்ந்து, வாசலில் இருந்த நிறை சிலிண்டரைச் சாய்த்து உருட்டப் பார்த்தேன். ஒரு நிறை சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. இருபது வருஷமாக நான் உருட்டுகிற சிலிண்டர், அன்று அசைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன்.

ராத்திரியில் தூக்கம் வராமல் போனைப் பார்ப்பேன். என்ன பார்த்தேன் தெரியுமா? சமையல் வீடியோக்கள். பிரியாணி, பரோட்டா, நெய் வழியும் அல்வா. நடுராத்திரி வரை பார்ப்பேன். இது என் மனசின் கோளாறு என்று நினைத்து வெட்கப்பட்டேன். 1944இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் பிறகு படித்தபோதுதான் அந்த வெட்கம் போனது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து, ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தினார். உடல் எடையில் கால்வாசி குறைந்தது. அதோடு, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாசித்தார்கள். நல்ல திடகாத்திரமான ஆண்கள். அவர்களுக்கு நாளொன்றுக்குக் கொடுக்கப்பட்டது சுமார் 1,570 கலோரி. நான் இருந்தது அதில் முக்கால்பங்குகூட இல்லை.

அந்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. திரும்பச் சாப்பிட ஆரம்பித்ததும் கொழுப்புதான் முந்திக்கொண்டு வந்தது, தசை பின்தங்கியது. உடம்பு இழந்த தசையை மீட்கும்வரை பசியை அடக்கிவைக்க விடாது என்று ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆனேன். தீபாவளிக்கு ஒரு அதிரசம் என்று ஆரம்பித்தது. 2023 ஆகஸ்ட்டில் 72 கிலோ. கிட்டத்தட்ட பழைய எடைதான் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியவில்லை. 74 கிலோவாக இருந்தபோது 98 சென்டிமீட்டர் இருந்த இடுப்புச் சுற்று, 72 கிலோவில் 101 ஆகியிருந்தது. எடை இரண்டு கிலோ குறைவு, வயிறு மூன்று சென்டிமீட்டர் அதிகம். சுகர் 6.3.

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் குறைவதில்லை. சாதாரணமாக, குறைகிற எடையில் ஏறக்குறைய கால்பங்கு தசை முதலான கொழுப்பல்லாத எடையாக இருக்கும். புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். நான் பதின்மூன்று கிலோவைக் கொடுத்தபோது அதில் தசையும் போனது. பதினொரு கிலோவை வாங்கியபோது பெரும்பாலும் கொழுப்பையே வாங்கினேன். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். தைராய்டு பார்த்தார், சரியாக இருந்தது. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேருவது பற்றிச் சொன்னார். பிறகு மேசைக்கு முன்னால் இருந்த கைப்பிடியில்லாத நாற்காலியைக் காட்டினார்.

"அதுல உக்காருங்கம்மா. கையை நெஞ்சுல கட்டிக்குங்க. கையை ஊன்றாம, முப்பது செகண்டுல எத்தனை தடவை எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு பாப்போம்."

ஒன்பது முறை முடிந்தது. பத்தாவதற்குக் கை தானாக அவிழ்ந்து முழங்காலில் ஊன்றியது.

"அறுபது வயசுப் பெண்களுக்கே பன்னிரண்டுக்குக் கீழ வந்தா குறைவுன்னு கணக்கு" என்றார் டாக்டரம்மா. குரலில் அதட்டல் இல்லை. ஆனால் நான் அழுதுவிட்டேன். காரணம் அந்த எண் இல்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்து எழுந்தேனே, அது அம்மா எழுகிற விதம். அம்மாவுக்கு அப்போது 71. "முருகா" என்று சொல்லிக்கொண்டு அப்படித்தான் எழுவாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாழ்நாளில் அம்மா 50 கிலோவைத் தாண்டியதில்லை. "உனக்கென்ன, ஒடிசலா இருக்க, ஒரு வியாதியும் அண்டாது" என்று ஊரே சொல்லும். 48 வயதில் சர்க்கரை வந்தது. குச்சியான கை, குச்சியான கால், நடுவில் சின்னதாக ஒரு தொப்பை. எங்கள் தெருவில் இப்படிப்பட்ட அம்மாக்களும் அப்பாக்களும் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் 2004இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் இரண்டு பேர் படத்தையும் போட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு வேறு உடம்புகள். அதனால்தான் நம் நாட்டு மருத்துவர்கள் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டாலே உடல்பருமன் என்கிறார்கள், மேலைநாடுகளில் அது 30. இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதும் நமக்கான கணக்கு. சென்னையிலிருந்து நடத்தப்பட்ட இந்திய அளவிலான பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. பொதுவான உடல்பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். குண்டாகத் தெரியாதவர்களிலும் எத்தனை பேர் வயிற்றில் கொழுப்பைச் சுமக்கிறார்கள் என்று இந்த இடைவெளியே சொல்கிறது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற தையல் டேப் ஒன்று போதும், இதை வீட்டிலேயே அளக்கலாம். ஏன் நாம் அதை விட்டுவிட்டு மெஷினையே கும்பிடுகிறோம் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

டாக்டரம்மா எனக்குக் கொடுத்த இலக்கு ஐந்து கிலோ. "ஒரு வருஷத்துல. அவசரமே இல்லை." அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும்தான் இலக்கு. சர்க்கரை நோய்க்குள் போவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையிலும் டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து இதே மாதிரி ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டது. அதில் 28.5 சதவீதம் குறைந்தது. என்னை உலுக்கியது என்னவென்றால், சென்னை ஆய்வில் இருந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. நடந்தார்கள், சாப்பாட்டைச் சீர்செய்தார்கள், எடை ஏறக்குறைய அப்படியே இருந்தும் பலன் கிடைத்தது. நான் மெஷின் எண்ணைப் பார்த்து எத்தனை நாள் "இதெல்லாம் வீண்" என்று நடையை நிறுத்தியிருக்கிறேன்!

முதல் வேலையாக ஒரு வாரம் எதையும் மாற்றாமல் சாப்பிட்டதை எல்லாம் எழுதினேன். காலை நாலு இட்லி, சட்னி. இரண்டு டீ. மதியம் இரண்டு கிண்ணம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், கொஞ்சம் மோர். சாயந்திரம் ஒரு பஜ்ஜியோ முறுக்கோ. இரவு மூன்று தோசை. நம் வீடுகளில் யாரும் இதைத் தப்பான சாப்பாடு என்று சொல்லமாட்டார்கள். புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு இட்லியில் 2 கிராம், ஒரு கிண்ணம் சோற்றில் 4 கிராம், நீர்த்த சாம்பாரில் அதே அளவு. எப்படிக் கூட்டினாலும் 40 கிராமைத் தாண்டவில்லை. என் உயரத்துக்கு உரிய எடையை வைத்துப் பார்த்தாலும் குறைந்தபட்சத் தேவையே 45 கிராமுக்கு மேல்.

எழுதாமல் விட்ட ஒரு சாப்பாடும் இருந்தது, அதை நான்காம் நாள்தான் கவனித்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் ஒழிக்கும்போது சட்டியின் அடியில் இருக்கும் ஒரு கரண்டி சோறு, மகள் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, எண்ணெயோடு நிற்கும் உருளைக்கிழங்கு நாலு துண்டு. "வீணாப் போயிருமே" என்று நின்றபடியே வாயில் போடுவது. இது பசிக்குத் தின்றதும் அல்ல, ருசிக்குத் தின்றதும் அல்ல. அம்மாவும் ஆச்சியும் இப்படித்தான் கடைசியில் அடுப்படியில் நின்று தின்றார்கள். இப்போது மீந்ததை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். என் தட்டில் என் பங்கை முதலிலேயே வைத்துக்கொண்டு எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இதற்கு வீட்டில் பழகவே ஒரு மாதம் ஆனது.

எண்ணெய்க் கணக்கு எளிது. நாலு பேர் வீட்டுக்கு மாதம் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், கலோரியில் சொன்னால் 340 போல. இப்போது மூன்று லிட்டர். பொரியலைத் தண்ணீர் தெளித்து மூடிவைத்து வேகவிடுகிறேன், அப்பளத்தைச் சுடுகிறேன். வேறு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இந்த மாற்றத்தில் மட்டும் ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் குறைந்தது. முப்பது நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் என் எடைக்குச் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சோற்றை விடவில்லை. விடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. இரண்டு கிண்ணம் ஒன்றாயிற்று, அந்த இடத்துக்குக் கெட்டிப் பருப்பும் காயும் வந்தன. காயையும் பருப்பையும் பாதி சாப்பிட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பேன். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, சப்பாத்திக்குப் பதில் கேழ்வரகு என்று மாற்றிக்கொண்டே போவதில் எடைக்குப் பெரிய பலன் இல்லை. அரிசி, கோதுமை, கேழ்வரகு மூன்றுமே நூறு கிராமுக்கு 320இலிருந்து 360 கலோரிக்குள்தான். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, அதற்காகச் சாப்பிடலாம். அளவில்லாமல் களி தின்றால் அதுவும் ஏறத்தான் செய்யும்.

புரதத்துக்கு டப்பா மாவு வாங்கவில்லை. நம் பக்கத்து உளுந்தம்பருப்புச் சோறு கைகொடுத்தது. தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய் போட்டு, எள்ளுத் துவையலோடு. முன்பு இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, இப்போது சரிக்குச் சரி. நூறு கிராம் உளுந்தில் 23 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தூத்துக்குடியிலிருந்து வரும் சாளையோ நெத்திலியோ. சாயந்திரம் பஜ்ஜியின் இடத்தில் ஒரு கைப்பிடிக் கடலையைச் சுண்டலாக. காலையில் இட்லியோடு இரண்டு முட்டை. இதெல்லாம் சேர்ந்து 65 கிராம் வந்துவிடுகிறது. அதிசயமாக, பதினோரு மணிப் பசி போய்விட்டது. அலுவலகத்தில் பிஸ்கட் தட்டு வரும்போது கை நீளவில்லை. மனக்கட்டுப்பாடு வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவே.

உடற்பயிற்சி என்றால் நடை என்றுதான் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். நடை நல்லது, நான் இன்றும் சாயந்திரம் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறேன். பத்தாயிரம் அடி என்ற கணக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் 2019இல் வந்த ஆய்வில் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை, 4,400 அடியிலேயே நல்ல பலன் இருந்தது. பத்தாயிரம் முடியவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் பத்து நிமிடம் நடப்பது ஏறுகிற சர்க்கரையைத் தணிக்கும். அது எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் வழக்கம்.

ஆனால் போன தசை நடையால் மட்டும் திரும்பாது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3இலிருந்து 8 சதவீதம் வரை தசை தானாகவே கரைகிறது. அதற்கு மேல் நான் பட்டினியாலும் கரைத்திருந்தேன். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. டாக்டரம்மா சொன்னபடி நாற்காலியில் ஆரம்பித்தேன். எட்டு முறை எழுந்து உட்கார்வது, ஓய்வு, மறுபடி எட்டு, மறுபடி எட்டு. சுவரில் கைவைத்துத் தள்ளுவது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது. முழங்கால் வலியோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

நான்கு மாதம் கழித்துப் பெண்களுக்கென்று காலையில் தனி நேரம் ஒதுக்கியிருக்கும் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாள் துப்பட்டாவை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். பயிற்சி கொடுப்பவளுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். "அக்கா, முதுகை வளைக்காதீங்க, குடத்தை எடுக்கிற மாதிரி காலைக் குடுத்துத் தூக்குங்க" என்றாள். குடம் என்றதும் உடம்புக்குப் புரிந்துவிட்டது. வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்று கூட வந்த தோழி பயந்தாள். பெண்களின் உடம்பில் ஆண்களுக்குரிய ஹார்மோன் சொற்பம், நாற்பத்தைந்து வயதில் வாரம் மூன்று நாள் தூக்கி யாருக்கும் அப்படி ஆகிவிடாது. 2024 கடைசியில் 40 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினேன். அந்த வாரம் சிலிண்டர் வந்தது. சாய்த்து உருட்டவில்லை, இரண்டு கையாலும் தூக்கிப் போய் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பாராட்டும் கிடைக்கவில்லை. இளைத்ததற்கு அவ்வளவு பாராட்டியவர்கள் பலப்பட்டதைக் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

தூக்கத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை, அதனால் நான் பேசுகிறேன். சிகாகோவில் 2010இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. பத்தே பேர். இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கையில், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம், இரண்டு முறையும் அளந்து குறைத்த அதே சாப்பாடு. இரண்டு முறையும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றே, மூன்று கிலோ போல. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டும், மீதி தசை முதலானவை. சமையல் வீடியோ பார்த்து நான் விழித்திருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. இப்போது போன் பத்து மணிக்கு ஹாலில் சார்ஜில் போய்விடும்.

இந்தக் கதையில் நான் மன்னிக்க முடியாமல் வைத்திருப்பது ஒன்றுதான். நான் இளைத்துக்கொண்டிருந்த அந்த வருஷம் என் மகளுக்குப் பதினான்கு வயது. ஒரு நாள் ராத்திரி, "எனக்கும் சோறு வேண்டாம்மா, ஒரு ஆப்பிள் போதும்" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன், நம்மைப் பார்த்து நல்ல பழக்கம் வருகிறதே என்று. ஹால் மெஷினில் அவளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். பள்ளியில் மயங்கி விழுந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. எலும்பு வளர்கிற வயசு, மாதாமாதம் ரத்தம் போகிற வயசு. அன்றைக்கு ராத்திரிதான் மெஷின் பரணுக்குப் போனது. அவள் முன்னால் என் உடம்பைப் பற்றியோ அவள் உடம்பைப் பற்றியோ இளைப்பு, குண்டு என்று ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவெடுத்தோம், நானும் என் வீட்டுக்காரரும். விருந்தாளிகள் பேசினால் பேச்சை மாற்றுகிறோம். அவள் மறுபடி பயப்படாமல் சாப்பிட ஒரு வருஷம் பிடித்தது. இப்போது என்னோடு ஜிம்முக்கு வருகிறாள், எனக்கு மேல் தூக்குகிறாள்.

சமீபகாலமாக எல்லோரும் என்னிடம் கேட்பது பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசியைப் பற்றி. மௌன்ஜாரோவும் வெகோவியும் 2025இல் இந்தியாவுக்கு வந்தபிறகு அலுவலகத்திலும் இதே பேச்சு. அதைப் போட்டுக்கொள்வது சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. உடல்பருமன் ஒரு நோய், அதற்கு மருந்து வருவது நல்லதே. பசி அடங்கும்போது புரதமும் குறைந்துவிடும், தசையும் கூடவே கரையும். அதனால் மருத்துவரின் கண்காணிப்பில், பயிற்சியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது 67 கிலோ. இடுப்புச் சுற்று 88. சுகர் 5.6. நாற்காலி, முப்பது நொடியில் பத்தொன்பது. கணக்குப்படி நான் இன்னும் உடல்பருமன் உள்ளவள்தான், 80 சென்டிமீட்டருக்கு இன்னும் எட்டு இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட அக்கா, "என்ன, மறுபடி போட்டுட்டியே?" என்றாள். 61 கிலோவாக இருந்தபோது எடுத்த போட்டோவை இன்னும் போனில் வைத்திருக்கிறாளாம். ஆனித் திருவிழாவுக்கு வாங்கிய அல்வாவை ஒரு துண்டு, உட்கார்ந்து, நிதானமாகத் தின்றுவிட்டு வந்தேன்.

அம்மா போன ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, கடவுள் புண்ணியம். மூன்று வாரம் படுக்கை. எழுந்தபோது, ஏற்கெனவே குச்சியாக இருந்த கால்கள் சுத்தமாகச் சோர்ந்துவிட்டன. இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. புரட்டாசி சனிக்கிழமை விரதத்தை டாக்டரம்மா முதலில் நிறுத்தச் சொன்னார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து முந்தைய வருஷம் வேர்த்து நடுங்கியிருக்கிறாள், எங்களிடம் சொல்லவே இல்லை. "சாமிக்கு இருந்தது, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டோம். சுவரோடு ஒட்டி, நகராதபடி. முதலில் அதன்மேல் இரண்டு தலையணை வைத்து உயரமாக்கினோம், உயரத்திலிருந்து எழுவது சுலபம். காலையில் இரண்டு முறை, சாயந்திரம் இரண்டு முறை. ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும். "பொம்பளைக்கு எதுக்குட்டி ஒத்தைக்கு ஒரு முட்டை?" என்று முதல் வாரம் முழுக்கச் சண்டை போட்டாள். இரண்டு மாதத்தில் ஒரு தலையணையை எடுத்தோம். ஆடி மாதம் இரண்டாவதையும்.

இன்று காலையில் நான் தோசைக்கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அம்மா தானாகவே நாற்காலியில் உட்கார்ந்து கையை நெஞ்சில் கட்டியிருந்தாள். மகள் பல் தேய்த்தபடி வந்து நின்று, "ஆச்சி, நான் எண்ணுதேன்" என்றாள். நாலு வரைக்கும் ஒழுங்காக வந்தது. ஐந்தாவதுக்கு "முருகா" வந்தது, கை அவிழவில்லை. ஆறு. கொஞ்சம் மூச்சு வாங்கி, ஏழு.

"எட்டு, ஆச்சி, இன்னும் ஒண்ணு."

"அதை நாளைக்கு வச்சுக்கிடுவோம்" என்றாள் அம்மா, நின்றபடியே. "கல்லு காஞ்சிட்டு, தள்ளுட்டி, நான் ஊத்துதேன்."